எறக்கம் இல்லாத ரெக்கார்டு

கோயமுத்தூரில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் லண்டனை ரிப்பேர் செய்யக் கிளம்பிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சிங்காநல்லூர் ஒரிஜினல் அண்ணன். இங்கிலாந்தில் ஒரு ராக் இசைக்குழு தன்னுடைய பாட்டைத் தானே தப்பாக மறுபடி வெளியிட்டுவிட்டது என்று அவர் சொன்னார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, படுக்கையில் விழும்வரை சொன்னார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது கல்லறைத் தோட்டத்தில்தான். ஃபாதர் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது, அடடா, வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்து நின்றுகொண்டிருக்கிறோமே என்று திகைத்துப் பக்கத்துக் குழியை எட்டிப் பார்த்தேன். அந்த அளவுக்கு அவர் ஒரிஜினல் அண்ணன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய கடையில் ஒரிஜினல் என்று ஒரு சாமான்கூடக் கிடையாது. மில் கேட்டுக்கு எதிர்ச் சந்தில் வீட்டின் முன்னறையிலேயே ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். கேசட் காலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலி கேசட்டை எடுத்துப் போய், வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வந்தால், நாலைந்து நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். அங்கே இருந்தது எல்லாமே நகல். நகலுக்கு நகல். அதற்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "ஒரிஜினலுங்க. காது வெச்சுக் கேளுங்க" என்று வருகிற எல்லோரிடமும் சொல்வார். பேர் வைக்கத் தெருவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அவருடைய அப்பா சூலூர்ப் பக்கம் ஒருத்தர் தோட்டத்தில் பண்ணையத்துக்குக் கூலியாளாக இருந்தவர். மகன் மிஷன் ஹாஸ்டலில் படித்து, ஆர்மோனியமும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டு, மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற பிரிவில் போய்ச் சேர்ந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்கியது. இரும ஆரம்பித்தார். அந்த வருடங்களில் மில்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. இருமுகிறவர்களைத்தான் முதலில் பொறுக்கி வெளியே அனுப்பினார்கள். கையில் கொடுத்ததைக் கொண்டு ஒரு டேப் டெக்கும் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருமல் மட்டும் வேலையை விடவில்லை.

நான் அப்போது ஒரு பம்புசெட் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற பிரிவில் குமாஸ்தா. அதே கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மணியும் நானும் அதே சந்தில் ஒரே அறையில் இருந்தோம். பகலெல்லாம் செம்புக் கம்பி சுற்றுகிற மணியின் விரல்கள் சாயங்காலம் கிட்டார் கம்பிக்கு வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். எனக்கு ச-வும் தெரியாது, ப-வும் தெரியாது. ஆம்ப்ளிஃபயர் தூக்குவது என் பொறுப்பு.

இனி அந்த ரெக்கார்டின் கதை. இங்கிலாந்துக் குழுவின் பெயரை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இப்போதும் யாராவது ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, எந்த வருடப் பதிப்பு என்று சண்டை போடுவார். அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுகளை ஒரிஜினல் அண்ணன் மதித்ததே கிடையாது. ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் தூக்கிப் போட்டது, ஒத்திகையில் பாடிப் பாதியில் விட்டது, இதையெல்லாம் சேர்த்து அந்தக் குழு ஒரே ஒரு ரெக்கார்டு போட்டிருந்தது. அதுதான் அவருக்கு வேதம்.

"நல்லாருக்குதுன்னு எடுத்து வெச்சதை ஊரே கேக்குமுங்க. வேண்டாமுன்னு ஒதுக்கிப் போட்டாங்க பாருங்க, அதுலதானுங்க ஆளு தெரியும்" என்பார்.

அந்த ரெக்கார்டு அவருக்குக் கிடைத்தது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரம்மாவிடம். இருமலுக்குக் காட்டப் போனவர், உள்ளறையில் அதைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டை மறந்துவிட்டு ரெக்கார்டோடு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதும் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கவில்லை. வீட்டில் அவர் மனைவி ஸ்டெல்லாக்கா, "ஏனுங்க, டாக்டர் என்ன குடுத்தாங்க?" என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கம் குடுத்தாங்க" என்றாராம்.

அந்த ஒருநாள் இரவலில் அவர் பதிந்து வைத்த கேசட்தான் சிங்காநல்லூரின் மூலப்பிரதி. கிட்டார் பிடித்த பையன்கள் எல்லோரும் அதிலிருந்து நகல் எடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு. நடுவில் கிட்டார் உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, திடீரென்று பாட்டு முழுவதும் அப்படியே கீழே சரியும். குரல் கனத்து, தாளம் தளர்ந்து, உலகமே சேற்றில் கால் வைத்த மாதிரி ஒரு தடுமாற்றம். பிறகு மெல்ல எழுந்து பழைய வேகத்துக்கு வந்துவிடும். பையன்கள் அதற்கு 'எறக்கம்' என்று பேர் வைத்தார்கள்.

நாலு பேர் ஒரே நேரத்தில், ஒரே அளவில், தாளமும் சுருதியும் சேர்ந்து சரிந்து, சேர்ந்து எழுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மணியின் குழு மாதக்கணக்கில் அதைப் பழகியது. கிட்டாரின் சுருதி முறுக்காணியைத் திருகித் திருகி மணியின் கட்டைவிரல் காய்த்துப்போனது. கடைசியில் பிசிறே இல்லாமல் பிடித்துவிட்டார்கள். கடை முன்னால் அவர்கள் வாசித்துக் காட்டிய அன்று ஒரிஜினல் அண்ணன் கண் கலங்கிவிட்டார். எறக்கம் வரும்போதெல்லாம் அவர் ஒரு காரியம் செய்வார். தலையை அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்ப்பார். சங்கீதத்தில் அப்படியே லயித்துப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பெங்களூர். ஒரு கல்லூரி விழாவில் போட்டி. மணியின் குழு அந்தப் பாட்டை எடுத்து, எறக்கத்தை அச்சு அசலாக வாசித்தது. கூட்டம் முதலில் முழித்தது. பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு முன்வரிசைக்கு வந்தது. நடுவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, கோயமுத்தூரில் கிட்டாருக்குக்கூட வோல்டேஜ் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்குள்ளேயே புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மணி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான். சேலம் வந்தும் எடுக்கவில்லை. துண்டு நனைந்திருந்தது.

ஊர் வந்ததும் நேராகக் கடைக்குப் போனான். கிட்டார் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. எறக்கம் அந்தப் பாட்டுல நெசமாலுமே இருக்குதுங்களா, இல்லீங்களா?"

ஒரிஜினல் அண்ணன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். இருமல் வந்தது, அடக்கினார். டேப் டெக்கின் மேல் கையை வைத்தார்.

"இருக்குது கண்ணு. சிரிச்சவிங்களுக்குக் காது இல்லை. இல்லாமப் போச்சுன்னா என்னைய ஒரிஜினல்னு கூப்பிடாதீங்க. என்ற பேரு மேல சத்தியம்."

மணி நிமிர்ந்தான். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் மறுநாளே பழகத் தொடங்கினான். ஒரிஜினல் அண்ணனுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி, உடம்பு, வேலை என்று எதுவும் உருப்படியாக வாய்க்கவில்லை. இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதைத்தான் அன்றைக்கு அந்தப் பையன் முன்னால் எடுத்து வைத்தார்.

தலைவலி சிங்கப்பூரிலிருந்து வந்தது. மணியின் சித்தப்பா மகன் ஒரு சி.டி. கொண்டுவந்தான். அதே ஒதுக்கிப் போட்ட பாட்டுகள், மறுபதிப்பு. பழைய பதிவுகளைப் புதிதாகத் துப்புரவு செய்திருக்கிறோம் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருந்தது. யாரிடமோ சி.டி. பிளேயர் இரவல் வாங்கி, கடையில் கூடி உட்கார்ந்து கேட்டோம். அந்தப் பாட்டு வந்தது. கிட்டார் உச்சிக்குப் போனது. போனது போனதுதான், இறங்கவே இல்லை. ஒழுங்காகப் பாடி ஒழுங்காக முடித்துவிட்டார்கள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரிஜினல் அண்ணன் எழுந்து சி.டி.யை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொடச்சுப்போட்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவர் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. ஒரு பக்கம் கேசட், ஒரு பக்கம் சி.டி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, லண்டனின் குற்றங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். பழையதில் முதல் பாட்டுக்கு முன்னால் ஒருவன் எண் சொல்லித் தாளத்தைத் தொடங்கிவைப்பான். புதியதில் அவனைக் காணோம். பழையதில் ஒரு நாற்காலி கிரீச்சிடும், நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். ஒரு பாட்டில் டிரம்ஸ் அடித்தவனையே மாற்றிவிட்டு, புதிதாக ஒருவனை அடிக்க வைத்து ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றில், மெல்லத் தேய்ந்து முடிகிற இடத்தைப் புதியதில் நீட்டியிருந்தார்கள். அங்கே இதுவரை யாரும் கேட்டிராத ஒரு கிட்டார் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அவர் மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாதது ஒன்று இருந்தது. பழையதில், ஒரு மெதுவான பாட்டு தொடங்கும் முன் பாடகன் ஒருமுறை இருமுவான். நல்ல, நெஞ்சிலிருந்து வருகிற இருமல். சி.டி.யில் அதை வெட்டிவிட்டார்கள்.

"பாத்தீங்களா கண்ணு. இருமறவனை வெளிய அனுப்பிச்சுப்போட்டாங்க. நம்ம மில்லுல பண்ணுனதேதானுங்க. நூலு வேணும், பாட்டு வேணும், ஆளு இருமக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இந்தக் குற்றப்பட்டியல் முழுவதும் உண்மை. நாங்களே காதால் கேட்டோம். அதனால்தான் சிக்கல். இத்தனையைத் துடைத்தவர்கள் எறக்கத்தையும் துடைத்திருக்க மாட்டார்களா என்று அவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் புதுப் பையன்கள் நம்பவில்லை. சி.டி. வைத்திருந்தவர்கள் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஒருவன் தெருமுனையில் நின்றுகொண்டு 'டூப்ளிகேட் அண்ணன்' என்று கத்திவிட்டு ஓடினான். ஸ்டெல்லாக்கா விளக்குமாற்றோடு அவனை மில் கேட் வரைக்கும் துரத்தினார்.

"அப்போ டாக்டரம்மாகிட்ட இருக்கற ரெக்கார்டையே வாங்கிப் போட்டுப் பாத்துடலாமுங்களே?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அவீங்க ஊர்ல இல்லீங்க" என்றார். அடுத்த மாதம் கேட்டேன். "அவீங்க பிளேயர் ரிப்பேருங்க." பொங்கல் கழித்துக் கேட்டேன். "ஒரு டாக்டரை இப்படித் தொல்லை பண்ணுனா நாளைக்கு ஊசி போடுவாங்களாங்க?"

இதற்கிடையே ஒருநாள் சாயங்காலம் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் பாட்டுப் பதிய சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். ஒரிஜினல் அண்ணனிடம் யார் வந்தாலும் முதலில் விசாரணைக் கமிஷனில் உட்கார வேண்டும். அவரையும் உட்கார வைத்து, பழையதையும் புதியதையும் போட்டுக் காட்டினார்.

"என்ன வித்தியாசமுங்க?"

தோட்டக்காரர் பவ்யமாக யோசித்தார். "ரெண்டும் சண்டையாட்டந்தானுங்க இருக்குது. இதுல மட்டும் ஒருத்தருக்குச் சளி புடிச்சிருக்குதுங்க."

"காதுன்னா இது காதுங்க!" என்று ஒரிஜினல் அண்ணன் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவருக்கு டீ சொன்னார். உற்சாகத்தில் இரண்டாம் பக்கத்தையும் போட்டார். எறக்கம் வந்தது. பாட்டு சரிந்தது. தோட்டக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சடாரென்று எழுந்தார்.

"ஏனுங்க, த்ரீ பேஸ் வந்துருச்சுங்களா? நான் மோட்டாரைப் போட்டுட்டு வரலைங்களே!"

விவசாயத்துக்கு மும்முனைக் கரண்ட் விடுகிற நேரம் என்று ஒன்று உண்டு. விட்டதும் சுற்றுவட்டாரத்தில் அத்தனை தோட்டத்துப் பம்புசெட்டும் சேர்ந்து கிளம்பும். கரண்ட் தள்ளாடும். விளக்கு மங்கும், மின்விசிறி சோர்ந்துபோகும், ரெக்கார்டு பிளேயர் இருந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும், பாட்டு சரியும். ஒரிஜினல் அண்ணன் டேப் டெக்குக்கு ஸ்டெபிலைசர் வைத்திருந்தார். பிளேயருக்கு வைக்கவில்லை. லண்டனில் பாடிய பாட்டை இடையில் பிடித்து இறக்கியது நம் பக்கத்துக் கிணறுகள். அவற்றில் பாதி மோட்டாரை அனுப்பிவைத்தவன் நான்.

ஒரிஜினல் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "பாட்டு வேணுமுன்னா உக்காருங்க, பம்பு வேணுமுன்னா தோட்டத்துக்குப் போங்க!" என்று அந்த மனிதரை விரட்டிவிட்டார். டீயைக்கூடக் குடிக்க விடவில்லை.

அறைக்கு வந்து மணியிடம் சொன்னேன். அவன் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். துணியை மடித்து வைத்தான். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிப்போடாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அவர் படுத்துவிட்டார். உள்ளறைக்குப் போக மறுத்ததால் கடையிலேயே கட்டிலைப் போட்டார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, மூச்சைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இழுத்து இழுத்து எடுப்பார். பார்க்கச் சகிக்காது. ஸ்டெல்லாக்கா ஒருநாள் எங்களை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, தூக்கத்துலயும் பெங்களூரு, ரெக்கார்டுன்னே பொலம்பறாருங்க. அந்த ரெக்கார்டைக் கொண்டாந்து போட்டு ஒரு முடிவு கட்டிப்போடுங்க. நிம்மதியாப் போகட்டும்."

டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் ரெக்கார்டை எடுத்தார். "அந்த ஆளுக்கு நான் குடுத்தது மருந்து. அவர் எடுத்துக்கிட்டது இது. இனிமே இதையே குடுங்க. மருந்துக்கு அங்க வேலை இல்லை" என்றார். அங்கேயே போட்டுக் கேட்டோம். இருமல் இருந்தது. நாற்காலி இருந்தது. தாளத்தைத் தொடங்கிவைக்கிறவன் இருந்தான். எறக்கம் இல்லை.

மணிதான் வழி கண்டுபிடித்தான். ஓடுகிற தட்டின் ஓரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் வேகம் குறையும். டாக்டரம்மா கண் முன்னாலேயே இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தான். அச்சாக விழுந்தது. "கீறல் விழுந்தா உங்க ரெண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுப்பேன்" என்று அந்த அம்மா எங்களை அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். பிளேயர் கட்டிலின் தலைமாட்டில், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. எல்லாம் தோதாகத்தான் இருந்தது. ஆனால் முள்ளை வைக்கப்போகும்போது ஒரிஜினல் அண்ணன் மணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எம்பக்கத்துல உக்காரு கண்ணு." மணி என்னைப் பார்த்தான். ச-வும் ப-வும் தெரியாத என் விரலுக்கு வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் கதி.

பாட்டு ஓடியது. கிட்டார் உச்சிக்குப் போனது. கடவுளை நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன். பாட்டு தொபுக்கென்று கிணற்றில் விழுந்தது. பதறி எடுத்தேன். குதித்து வெளியே வந்தது.

ஒரிஜினல் அண்ணன் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. பிறகு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஏங்கண்ணு... பம்புசெட்டெல்லாம் இத்தன வெரசா எந்திரிக்காதுங்க. ஒண்ணொண்ணாத்தான் எந்திரிக்கும்."

நான் முள்ளைத் தூக்கி வைத்தேன். மணிதான், "அண்ணா, உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டான்.

"பதியறப்ப நாந்தானுங்க நின்னுட்டு இருந்தேன். லைட்டு மங்குச்சு. போச்சுடா பாட்டுன்னு நெனச்சேன். இன்னொருக்கா வாங்கிச் சரியா எடுத்துப்போடலாமுன்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க நாலு பேரும் வாசிச்சுக் காட்டுனீங்க." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "அத்தன அழகா வாசிச்சீங்க கண்ணு. அதைப் போயி தப்புன்னு எப்புடிச் சொல்றதுங்க. அப்பறம் பெங்களூருல சிரிச்சுப்போட்டாங்க. அன்னிக்காச்சும் சொல்லோணும். நீ அழுதுட்டு வந்து நின்னே. வாய் வரல. அந்தச் சிரிப்பு என்ற மேல விழுந்திருக்கோணும். உன்ற மேல விழுந்துருச்சு. அதைத்தான் தெனமும் நெனைக்கறேன்."

மணி அவர் கையை விடவில்லை. காய்த்துப்போன கட்டைவிரலால் அவருடைய எலும்புக் கையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, நான் மோட்டாருக்குக் காயில் கட்டறவனுங்க. கரண்டு எறங்குற சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? மொத நாளே தெரியுமுங்க. தெரிஞ்சுதான் பெங்களூருல வாசிச்சேன். அவிங்க சிரிச்சது எனக்குப் பெரிசாவே படலீங்க."

சேலம் வரை நனைந்த துண்டு எனக்குத் தெரியும். ஒரிஜினல் அண்ணன் கண்ணை மூடி அதைக் கேட்டார். ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்து யோசித்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"இது ஒரிஜினல் இல்லீங்க கண்ணு. தொடச்ச பதிப்பு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்லாருக்குதுங்க" என்றார்.

ஸ்டெல்லாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அட கர்த்தாவே, இத்தன வருசமா கரண்டு எறங்குனதைக் கேட்டுட்டா நான் இந்த ஊட்டுல சமைச்சுட்டு இருந்தேன்!" என்றார். கட்டில் குலுங்கியது. அவர் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியாமல் மூவரும் பிடித்துக்கொண்டோம். சிரிக்கத்தான் செய்தார்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் என்னிடம். "இந்தத் தடவை நான் சொல்றப்ப விரலை வையுங்க."

போட்டேன். அந்த இடம் நெருங்கியதும் போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்தது. காற்றில் மெதுவாகத் தாழ்ந்தது. "ஒண்ணு எந்திரிச்சுருச்சு... இன்னொண்ணு... அக்கட்டால இருக்கற தோட்டமெல்லாம்... இப்ப நல்லா அமுத்துங்க... விடுங்க... மெதுவா... மெதுவா கண்ணு..." லண்டன் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கொங்குக் கிணறுகளின் தண்ணீரைத் தொட்டுவிட்டு, மெல்ல மெல்ல மேலே ஏறியது. என் வாழ்க்கையில் நான் வாசித்த ஒரே சங்கீதம் அதுதான்.

அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கத்துக்குக் கூட்டம் அதிகமில்லை. பழைய மில் ஆட்கள் கொஞ்சம் பேர் வந்து, முறை வைத்த மாதிரி ஒருத்தர் மாற்றி ஒருத்தர் இருமிக்கொண்டிருந்தார்கள். கிட்டார் வாசிக்கலாமா என்று மணி கேட்டதற்கு ஃபாதர் வேண்டாம் என்றுவிட்டார். கோயில் பாட்டுக்காரர்கள் சுருதி விலகாமல் பாடி முடித்தார்கள். தெருமுனையில் நின்று 'டூப்ளிகேட்' என்று கத்திய பையனும் வந்திருந்தான். அவனை ஸ்டெல்லாக்கா பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மாவிடம் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஓரமெல்லாம் உன்னோட கைரேகைதான். நீயே வெச்சுக்கப்பா" என்று என் கையிலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளை இன்னும் எத்தனையோ தடவை துடைத்துத் துடைத்து வெளியிட்டுவிட்டார்கள். இப்போது யாரோ மனம் வந்து இருமலைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று மணி போனில் சொன்னான். எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும், கிட்டார் உச்சிக்குப் போகும்போது நான் அண்ணாந்து விளக்கைப் பார்க்கிறேன். அது மங்குவதே இல்லை. எங்கள் பக்கம் இப்போது கரண்ட் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் குறைந்தால் தேவலை என்றிருக்கிறது.